கடைமடைக்குக் கணினி: கிளை நூலகங்களும் மெய்நிகர் மேசைக்கணினியும்

திருவண்ணாமலையில் செஞ்சிப் பேருந்து ஏறினால், சோமாசிபாடியைத் தாண்டியதும் வரும் பெரிய ஊர் கீழ்பென்னாத்தூர். பேரூராட்சி, தாலுகா தலைமையிடம், 2011 தேர்தல் முதல் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கும் பெயர் கொடுத்திருக்கும் ஊர். சுற்றிலும் மல்லாட்டை, கரும்பு, ஏரிப் பாசனத்தில் நெல். இந்த அளவுள்ள ஊர்களின் கிளை நூலகத்துக்குள் காலையில் நுழைந்தால், ஒரே நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்துப் பங்குபோட்டுப் படிக்கும் பெரியவர்களைப் பார்க்கலாம். அவர்கள் எழுந்து போனபின் அதே நாற்காலிகளில் குரூப் 4, ரயில்வே, வங்கித் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகள் உட்காருவார்கள். கணினி என்று ஒன்று இருந்தால் அது ஓரமாக, தூசிக்குத் துணி போர்த்தி இருக்கும். ஓடுமா என்று கேட்டால், "ஓடும், ஆன் ஆகக் கொஞ்சம் நேரமாகும்" என்று பதில் வரும்.

அந்தக் கொஞ்ச நேரத்துக்கு இப்போது ஒரு கெடுவும் வந்துவிட்டது. விண்டோஸ் 10-க்குத் தந்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற்ற வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் இருக்க வேண்டும். பத்து வருடப் பழைய பெட்டிகள் பலவற்றில் அது கிடையாது. உலகம் முழுக்கப் பொது நூலகங்கள் இந்தப் பழைய பெட்டிகளை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம். இல்லையென்றால் விற்பனையாளர்கள் காட்டும் இன்னொரு வழி இருக்கிறது. அதன் பெயர் மெய்நிகர் மேசைக்கணினி. அந்த வழி நமக்கு ஒத்துவருமா என்பதை இங்கே ஒரு கிளை நூலகத்தின் வாசலில் நின்று பார்க்க விரும்புகிறேன். சென்னையில் நின்று பார்த்தால் விடை வேறாகத் தெரியும்.

விஷயம் இதுதான். வாசகர் முன்னால் திரை, விசைப்பலகை, மவுஸ், உள்ளங்கை அளவில் ஒரு சிறு பெட்டி. கணக்குப் போடுவது, கோப்பைத் திறப்பது, இணையப் பக்கத்தை வரைவது எல்லாம் வேறோர் இடத்தில் இருக்கும் சர்வரில் நடக்கிறது. நீங்கள் 'அ' என்று தட்டினால் அந்தத் தட்டல் கம்பி வழியே சர்வருக்குப் போகிறது; 'அ' விழுந்த திரையின் படம் திரும்பி வருகிறது. சிறு பெட்டியைத் தின் கிளையன்ட் என்பார்கள். ஒரே சர்வரை இருபது பேர் பங்குபோட்டுக்கொள்வது ஒரு முறை. சர்வருக்குள்ளேயே ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணினி இருப்பதுபோல் பிரித்துக் கொடுப்பது இன்னொரு முறை, வி.டி.ஐ. என்று பேசப்படுவது பெரும்பாலும் இதைத்தான். அந்தச் சர்வரையும் சொந்தமாக வைத்துக்கொள்ளாமல் மேகக் கணினி நிறுவனத்திடம் வாடகைக்கு எடுப்பது மூன்றாவது.

இதில் புதுமை குறைவு. 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 வந்த காலத்தில் கணினி என்றால் ஒரு நிறுவனத்துக்கு ஒன்றுதான். எல்லோரும் அதன் வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். 1980-களின் பிற்பாதியில் ரயில் முன்பதிவு கணினிமயமானபோது கவுன்ட்டரில் எழுத்தர் முன்னால் இருந்ததும் வெறும் முனையம். மூளை வேறோர் அறையில். பிறகு தனிக் கணினி மலிவாகி மேசைக்கு மேசை வந்தது. அதைப் பராமரித்து அலுத்துப்போன நிறுவனங்கள் மூளையை மறுபடி ஓரிடத்தில் குவிக்கத் தொடங்கின. சிட்ரிக்ஸ் நிறுவனம் 1989-இல் தோன்றியது. விண்டோஸின் டெர்மினல் சர்வர் பதிப்பு 1998-இல் வந்தது. அடுத்த ஆண்டே ஜிம் மெக்குவிலன் எல்.டி.எஸ்.பி. என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தைத் தொடங்கினார். பழைய, வன்தட்டே இல்லாத கணினிகளையும் ஒரு லினக்ஸ் சர்வரோடு பிணைத்து வேலை வாங்குவது அதன் நோக்கம். இந்தக் கடைசிப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

நம் பக்கத்திலும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2000-களின் நடுவில் சென்னையிலிருந்து நோவேட்டியம் என்ற நிறுவனம் நோவா நெட்பிசி என்ற மலிவுப் பெட்டியைக் கொண்டுவந்தது. அதைத் தொடங்கியவர்களில் ராஜேஷ் ஜெயினும் ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் உண்டு. வீட்டில் பெட்டி, நிறுவனத்திடம் சர்வர், கேபிள் டிவி போல மாதச் சந்தா. யோசனை அழகானது. ஆனால் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது அந்தப் பெட்டி இல்லை. மலிவு மடிக்கணினியும், அதன் பின்னாலேயே கைப்பேசியும்தான். 2008 வாக்கில் ஆந்திரப் பிரதேசம் 5,000 அரசுப் பள்ளிகளுக்கு என்கம்ப்யூட்டிங் பெட்டிகளைத் தேர்ந்தெடுத்தது. ஒரு கணினியைப் பல மாணவர்கள் தனித்தனித் திரைகளில் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. அதே காலத்தில் மாசிடோனியா நாடு தன் பள்ளிகள் முழுவதற்கும் இதே வகைப் பெட்டிகளை உபுண்டு லினக்ஸோடு வாங்கியது.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டைப் பலரும் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டில் 3,090 அரசு உயர்நிலைப் பள்ளிகளிலும் 2,939 மேல்நிலைப் பள்ளிகளிலும் 'ஹைடெக் லேப்' அமைக்கும் திட்டம் வந்தது. அதன் அமைப்பு, பள்ளிக்குள்ளேயே ஒரு சர்வர், அதோடு பிணைந்த மாணவர் கணினிகள். தேர்வு என்றால் வினாத்தாளை முன்கூட்டியே சர்வரில் இறக்கிவைத்துக்கொண்டு பிள்ளைகளை உட்கார வைக்கலாம். அந்த நேரத்தில் வெளி இணைப்பு அறுந்தாலும் லேபுக்குள் வேலை நடக்கும். பெயர்ப்பலகையில் 'மெய்நிகர்' என்ற சொல் இல்லை. ஆனாலும் நூலகத்துறை முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பல ஊர்களில் கிளை நூலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

இனி நூலக அமைப்பு. 1948-இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பில் பிறந்தது சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அது. அதன் உயிர்நாடி நூலக வரி. இன்று சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலகத்துக்கு. ஊராட்சியும் பேரூராட்சியும் நகராட்சியும் மக்களிடம் வாங்கி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். வசூலாகும் பணம் உரிய நேரத்தில் வந்து சேர்வதில்லை என்ற புகார் சட்டத்தின் வயதுக்குக் கொஞ்சம்தான் இளையது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று மாநிலம் முழுக்க நாலாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட நூலகங்கள் இந்த வரியை நம்பி நிற்கின்றன.

இந்த நிதி அமைப்பை ஏன் சொல்கிறேன் என்றால், கணினியை வாங்குவதற்கும் சந்தா கட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் கடிக்கும். கணினி வாங்கும் செலவு ஒருமுறை. ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையோ, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியோ, ஊர்ப் புரவலரோ எங்கிருந்தாவது வந்துவிடும். பெட்டிமேல் பெயரும் எழுதிக்கொள்ளலாம். வி.டி.ஐ. என்பது ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பணம். விண்டோஸ் மேசைக்கணினியைச் சர்வரில் வைத்துத் தின் கிளையன்டில் பார்க்க, ஒவ்வொரு பெட்டிக்கும் வி.டி.ஏ. என்ற தனி உரிமச் சந்தா தேவை. அதன்மேல் மெய்நிகராக்கும் மென்பொருளுக்கு உரிமம். அந்த உரிமத்தின் விலை யார் கையில் இருக்கிறது என்பதற்கு அண்மைப் பாடம் ஒன்று உண்டு. 2023 நவம்பரில் விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் வாங்கியது. நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தி எல்லாவற்றையும் சந்தாவாக்கியது. மேசைக்கணினிப் பிரிவோ அடுத்த ஆண்டு ஆம்னிசா என்ற பெயரில் வேறு கைக்குப் போனது. சந்தாவுக்குப் பெயர்ப்பலகை வைக்கப் புரவலர் கிடைக்க மாட்டார். வரி வராத ஆண்டில் சந்தா நின்றால், புத்தகம் வாங்காத ஆண்டைப் போல நூலகம் சமாளித்துக்கொள்ள முடியாது. அலமாரியில் போன வருடப் புத்தகமாவது இருக்கும். இங்கே திரையே இருண்டுவிடும்.

சரி, இதன் ஆதரவாளர்கள் சொல்லும் நன்மைகளில் உண்மை எவ்வளவு?

மின்சாரக் கணக்கில் அவர்கள் சொல்வது சரி. சாதாரண மேசைக்கணினி ஒன்று திரை நீங்கலாக 60 முதல் 150 வாட் வரை இழுக்கும். தின் கிளையன்ட் 5 முதல் 15 வாட். நூறு வாட் என்று வைத்தால் பத்துக் கணினிக்கு ஆயிரம் வாட். பத்துத் தின் கிளையன்டும் முந்நூறு வாட் சர்வர் ஒன்றும் சேர்ந்தால்கூட நானூற்றைம்பதைத் தாண்டாது. இந்த வித்தியாசத்தை மின் கட்டணத்தில் தேடுவதைவிட யு.பி.எஸ். பேட்டரியில் பார்க்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள் 'பராமரிப்புப் பணி' என்று காலை முதல் பிற்பகல்வரை மின்சாரம் நிற்கும் ஊரில், அதே பேட்டரி இரண்டு மடங்கு நேரம் தாக்குப்பிடிப்பது பெரிய விஷயம். மின்வெட்டு நீண்ட 2012-இல் சென்னைக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பராமரிப்பிலும் உண்மை இருக்கிறது. கிளை நூலகத்தில் நூலகர் பெரும்பாலும் ஒற்றை ஆள். புத்தகம் எடுத்துக் கொடுப்பவரும், உறுப்பினர் சேர்ப்பவரும், நாளிதழ் கட்டு கட்டுபவரும் அவரே. அவரிடம் பத்துக் கணினிக்கு வைரஸ் துடைக்கச் சொல்வது நியாயமில்லை. ஒரே 'மாஸ்டர் இமேஜ்' தயாரித்துவிட்டால் எல்லா முனையங்களிலும் அதே ஓடும். ஒன்றைத் திருத்தினால் எல்லாம் திருந்தும்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது அந்தரங்கம். பொதுக் கணினி எதையாவது திறந்து 'டவுன்லோட்ஸ்' கோப்புறையைப் பாருங்கள். ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் என்று முன்பின் தெரியாதவர்களின் வாழ்க்கையே அங்கே கிடக்கும். பாதிப்பேர் ஜிமெயிலிலிருந்து வெளியேறியிருக்க மாட்டார்கள். மெய்நிகர் மேசைக்கணினியில், வாசகர் எழுந்ததும் அவர் பயன்படுத்திய மேசையையே அழித்துவிட்டு அடுத்தவருக்குப் புதிதாக ஒன்று தரலாம். நூலகத்தில் ஒருவர் என்ன படித்தார் என்பது அடுத்தவருக்குத் தெரியக் கூடாது என்ற பழைய நெறிக்கு இது பொருத்தமான வசதி. ஆனால் இதற்காக மட்டும் வி.டி.ஐ. வாங்க வேண்டியதில்லை. கணினியை மீண்டும் இயக்கினால் பழைய நிலைக்கே திரும்பும்படி செய்யும் மென்பொருள்கள் நெடுங்காலமாக இருக்கின்றன. லினக்ஸில் விருந்தினர் கணக்கு இருக்கிறது. விற்பனையாளர் இந்த நன்மையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்போது நாம் கொஞ்சம் அடித்துத் திருத்த வேண்டும்.

இனி கம்பி.

ஏரிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்குக் கடைமடை என்றால் என்னவென்று தெரியும். மதகைத் திறக்கும் நாளில் தலைமடைக்காரர் வயல் நிரம்பும். கடைமடைக்கு வருவது மிச்சம். வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால் அதுவும் வராது. சென்னையில் மாநிலத் தரவு மையத்தில் சர்வரை வைத்து, மாநிலம் முழுக்க மேசைக்கணினியைத் திறந்துவிட்டால், கீழ்பென்னாத்தூர் கிளை அதன் கடைமடை.

பாரத்நெட் வந்துவிட்டதே என்பார்கள். தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் நிறுவனம் வழியாக 12,525 கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டம் அது. கணக்கைக் கவனியுங்கள்: கிராம ஊராட்சிகள். பேரூராட்சியில் இருக்கும் கிளை நூலகம் அந்த எண்ணிக்கைக்குள் தானாக வந்துவிடாது. இழை வந்தாலும், ஊராட்சி அலுவலகத்திலிருந்து நூலக வாசல்வரை யார் இழுப்பது, மாத வாடகை எந்தத் தலைப்பில் என்பவை தனிக் கேள்விகள்.

வேகத்தின் கணக்கும் விளம்பரத்தில் சொல்வதுபோல் எளிதில்லை. தட்டச்சு மட்டும் என்றால் ஒரு முனையத்துக்கு 200 கேபிபிஎஸ் போதும். பத்துப் பேருக்கு 2 எம்பிபிஎஸ். அவர்களில் நால்வர் யூடியூபில் கணக்குப் பாடம் பார்க்கத் தொடங்கினால் கதை மாறும். சாதாரணக் கணினியில் யூடியூப் வீடியோவை முன்கூட்டியே இறக்கிச் சேமித்துக்கொண்டு ஓட்டும். நடுவில் இணைப்பு ஐந்து நொடி விக்கினாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. மெய்நிகர் மேசைக்கணினியில் வீடியோ ஓடுவது சென்னையில். இங்கே வருவது திரையின் படம் மட்டும், அந்தந்தக் கணத்துக்கு. சேமிக்க முடியாது. ஒருவருக்கு 5 எம்பிபிஎஸ் வீதம் நால்வருக்கு 20 தடையில்லாமல் வேண்டும். அளவு இருந்தாலும் தாமதம் இருக்கிறது. தட்டிய எழுத்து திரையில் விழ நூறு மில்லிநொடிக்குள் ஆனால் கை உணராது. இருநூறைத் தாண்டினால் ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டத் தொடங்குவோம். பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் கைப்பேசி இணையம் எப்படித் திணறும் என்பது கிரிவலம் போனவர்களுக்குத் தெரியும். தன் பிழை ஏதும் இல்லாமலே இணைப்பு நெரிசலில் சிக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நூலகக் கணினியில் மக்கள் உண்மையில் செய்யும் வேலைகளைப் பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். விண்ணப்பத்துக்குப் புகைப்படத்தையும் கையெழுத்தையும் ஸ்கேன் செய்து, கேட்ட கேபி அளவுக்குச் சுருக்கி ஏற்றுவது. பென் டிரைவிலிருந்து கோப்பு எடுப்பது. ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுப்பது. மூன்றுமே மெய்நிகர் மேசைக்கணினிக்குப் பிடிக்காத வேலைகள். ஸ்கேனர் இங்கே, கணினி அங்கே. ஸ்கேன் செய்த படம் முதலில் சென்னைக்குப் போக வேண்டும். பிரிண்ட் கொடுத்தால், ஒரு எம்பி இருந்த சான்றிதழ் அச்சுக்கு ஏற்ப விரிந்து ஐம்பது எம்பியாகத் திரும்பி வரலாம். பின்னால் வரிசையில் நிற்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

தமிழ் தொடர்பான சங்கடங்கள் தனி. தமிழ்99 விசைப்பலகை 1999 முதல் தரப்படுத்தப்பட்டது. யூனிகோடும் டேஸ்16-உம் 2010-இல் தமிழக அரசின் தரமாயின. இருந்தாலும் அலுவலகத்திலிருந்தோ அச்சகத்திலிருந்தோ பென் டிரைவில் வரும் கோப்பு வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். சொந்தக் கணினி என்றால் எழுத்துருவை நிறுவிக்கொள்ளலாம். மெய்நிகர் மேசைக்கணினியில் வாசகர் எதையும் நிறுவ முடியாது. மாஸ்டர் இமேஜில் யாராவது முன்யோசனையோடு சேர்த்திருந்தால்தான் உண்டு. சேர்ப்பவர் பெங்களூரிலோ நொய்டாவிலோ இருந்தால் அவருக்குப் பாமினி யாரென்று தெரியுமா? பார்வையற்ற வாசகர்களின் நிலை இதைவிடக் கடினம். என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் உடனே சொல்லியாக வேண்டும். ஒலி வேறொரு ஊரிலிருந்து கிளம்பி வந்தால், கை ஒரு சொல் முன்னால், காது ஒரு சொல் பின்னால். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு வைத்துப் பெருமைப்படும் மாநிலம் கிளையில் இதைச் செய்யலாகாது.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவிப்பதன் ஆபத்தை லண்டனும் டொரன்டோவும் பாடமாகவே தந்திருக்கின்றன. 2023 அக்டோபர் இறுதியில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைப் பணயக் கும்பல் ஒன்று முடக்கியது. சுமார் 600 ஜிபி கோப்புகளை அள்ளிச் சென்றது. மறைக்காமல் நடந்ததை எழுதி 2024 மார்ச்சில் அந்த நூலகம் வெளியிட்ட அறிக்கை எல்லா நூலகத்துறைகளும் படிக்க வேண்டியது. உள்ளே புகுந்தவர்களின் முதல் தடம் தெரிந்த இடம், வெளியிலிருந்து இணைவதற்காக 2020-இல் அமைத்த டெர்மினல் சர்வர். கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்பு அங்கே இல்லை. அதே வாரம் நூறு கிளைகள் கொண்ட டொரன்டோ பொது நூலகமும் தாக்கப்பட்டது. பொதுக் கணினிகள் மாதக்கணக்கில் இயங்கவில்லை. திரும்பி வந்த புத்தகங்களை வரவு வைக்க வழியில்லாமல் பத்து லட்சம் அளவுக்கு லாரிப் பெட்டிகளில் அடுக்கி வைத்தார்கள். தனித்தனிப் பெட்டிகளாக இருந்தால் வைரஸ் வராது என்பதில்லை. வந்தால் கீழ்பென்னாத்தூர் மட்டும் படுக்கும், வந்தவாசி ஓடிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு சொன்னபின் ஒருவர் கேட்கலாம்: எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கும்போது நூலகத்துக்குக் கணினி எதற்கு? இதுதான் உண்மையில் வலுவான எதிர்வாதம். என் பதில் தேர்வு அறையில் இருக்கிறது. ரயில்வே தேர்வும், எஸ்.எஸ்.சி.யும், வங்கித் தேர்வும் கணினியில்தான் நடக்கின்றன. தொண்ணூறு நிமிடத்தில் நூறு கேள்வி என்று திரையில் ஓடும்போது, மவுஸைப் பிடித்துப் பழகாத கை தோற்றுப்போகும். தட்டச்சர் வேலைக்குச் சி.ஓ.ஏ. என்ற கணினிச் சான்றிதழ் கேட்கிறார்கள், அதைக் கைப்பேசியில் பழக முடியாது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு நூலகக் கணினி பயிற்சிக் களம். அது பத்து வினாடி யோசித்து நின்றால் பிள்ளையின் மதிப்பெண் குறையும்.

ஆகவே என் முடிவு: கிளை நூலகத்துக்கு மெய்நிகர் மேசைக்கணினியின் மையப் பராமரிப்பு முறை வேண்டும். ஆனால் சர்வர் அதே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். ஏரியை நம்பாமல் வயலிலேயே கிணறு. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன எல்.டி.எஸ்.பி. இங்கே வருகிறது. 2019-இல் மாற்றி எழுதப்பட்ட அதன் பதிப்பில், பழைய கணினிகள் வன்தட்டு இல்லாமலே சர்வரிலிருந்து இயங்குதளத்தை எடுத்துக்கொள்கின்றன. வேலையைத் தம் சொந்த நினைவகத்திலேயே செய்கின்றன. வீடியோவுக்குச் சர்வர் திணறுவதில்லை. டி.பி.எம். 2.0 இல்லை என்று ஒதுக்கிய பெட்டிக்கு இன்னும் சில வருட ஆயுள் கிடைக்கிறது. மாஸ்டர் இமேஜைத் திருவண்ணாமலை மாவட்ட மைய நூலகத்திலோ சென்னையிலோ ஒரு குழு தயாரிக்கட்டும்; இரவில் கம்பி சும்மா இருக்கும் நேரத்தில் கிளைச் சர்வர் அதை இறக்கிக்கொள்ளட்டும். மளிகை மொத்தக் கடையிலிருந்து வரலாம், அடுப்பு வீட்டில் எரிய வேண்டும்.

அந்தச் சர்வர் சும்மாவும் இருக்காது. கிவிக்ஸ் என்ற மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக அதில் இறக்கிவைக்கலாம். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள், பழைய வினாத்தாள்கள் எல்லாம் அதில் அடங்கும். ஃபெஞ்சல் புயல் 2024 டிசம்பர் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதே, அப்படிப்பட்ட நாட்களில் வெளி உலகத்தோடு தொடர்பு அறுந்தாலும் மின்சாரம் இருக்கும்வரை நூலகம் நூலகமாக இருக்கும். 1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டி நூலகத்தைக் கிராமங்களுக்கு ஓட்டியபோது, வண்டியில் புத்தகங்களையே ஏற்றிக் கொண்டுபோனார். சென்னையில் இருக்கும் புத்தகத்தை எட்டிப் பார்க்கும் ஜன்னலைக் கொண்டுபோகவில்லை.

இந்த முடிவிலும் ஓட்டைகள் உண்டு. கிளைச் சர்வர் படுத்தால் பத்து முனையமும் படுக்கும். அதனால் சர்வர் என்று விலையுயர்ந்த பெட்டி வாங்காமல், தாலுகா தலைமையிடத்துக் கணினிக் கடையில் உதிரி கிடைக்கும் நல்ல மேசைக்கணினி ஒன்றையே சர்வராக்கி, அதே போன்ற இன்னொன்றைத் தயாராக வைக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு தொழில்நுட்ப ஆளாவது நிரந்தரமாக வேண்டும்; இது இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நடக்காது. லினக்ஸ் பழக்கமில்லை என்பார்கள். 2006-07-இல் உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது தமிழக அரசின் எல்காட் நிறுவனமே சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பழக்கம் வந்தது, தொடரவில்லை. சி.ஓ.ஏ. பழகுபவர்களுக்காகக் கிளைக்கு இரண்டு விண்டோஸ் கணினிகளைத் தனியாக வைத்துவிடலாம்.

முழு வி.டி.ஐ.க்கு இடமே இல்லையா? இருக்கிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023 ஜூலை 15 அன்று திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய கட்டடங்களுக்கு அது பொருந்தும். அங்கே சர்வரும் வாசகரும் ஒரே கட்டடத்தில், பார்த்துக்கொள்ள ஆட்களும் உண்டு. பதிப்புரிமை காரணமாகப் படியெடுக்க விடக் கூடாத மின்னூல்களை, பார்வைக்கு மட்டும் மாவட்ட மைய நூலகங்களுக்குத் திறந்துவிடவும் அது நல்ல கருவி. பெரிய நூலகத்துக்குப் பொருந்தியதை அப்படியே நாலாயிரத்துச் சொச்சம் நூலகங்களுக்கும் ஒரே ஒப்பந்தப் புள்ளியில் விரிக்கும் ஆசைதான் பயமாக இருக்கிறது.

பொது நூலகத் துறைக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தப் புள்ளி கோருவதற்கு முன் ஏதாவது ஒரு கிளையில் ஒரு வாரம் ஓர் ஆளை உட்கார வையுங்கள். எத்தனை பேர் கணினியைத் தொட்டார்கள், என்ன வேலைக்கு, இணைப்பு எத்தனை முறை அறுந்தது, மின்சாரம் எவ்வளவு நேரம் இல்லை, எத்தனை பிரிண்ட், எத்தனை பென் டிரைவ் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். நாற்பது பக்க நோட்டு போதும். ஊர் தேட வேண்டியதில்லை; செஞ்சிப் பேருந்துகள் கீழ்பென்னாத்தூரில் நின்றுதான் போகின்றன.